மேனியும் உரியும்: எண்மப் படத்தொகுப்பில் விலங்குத் தோலிழைக் கலப்பும் தொல்காப்பிய உவமக் கோட்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

மனித மேனியின் ஒளிப்படத்தின்மேல் பாம்பு, புலி, முதலை முதலிய விலங்குகளின் தோற்பரப்பைப் பொருத்தி, இரண்டும் ஒரே தோலெனத் தோன்றச் செய்வது எண்மப் படத்தொகுப்பில் நன்கு அறியப்பட்ட முறையாகும். இம்முறையில் இணைப்பு எவ்வளவு மறைகிறதோ அவ்வளவு திறமை வெளிப்பட்டதாகக் கொள்வர். தமிழ்ச் சிற்பம், கூத்து, ஆடல் ஆகியவற்றில் மனித உருவும் விலங்குருவும் சேரும் இடங்களை நோக்கினால், இணைப்பு பார்வைக்குப் புலப்படுவதே பெரும்பான்மை மரபாக உள்ளது. இவ்வேறுபாட்டைத் தொல்காப்பிய உவமவியலின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. உவமையில் உவம உருபு ஆற்றும் பணியைப் படத்தில் இணைப்புக்கோடு ஆற்றுகிறது என்பதும், அக்கோடு முற்றிலும் நீங்கும்போது உவமை மயக்கமாக மாறக்கூடும் என்பதும் இதன் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: மேனி, உரி, இழையமைப்பு, உவம உருபு, மெய், உரு, கலப்பு முறை, வேங்கை, திருவான்மியூர்.

முன்னுரை

சென்னை திருவான்மியூர் மருந்தீசுவரர் திருக்கோயில் இறைவனுக்குப் பால்வண்ணநாதர் என்ற பெயரும் வழங்குகிறது. காமதேனு அங்குப் பால் சொரிந்து வழிபட்டது என்றும், வான்மீகி முனிவரைக் கண்டு அஞ்சி ஓடியபோது அதன் குளம்பு இலிங்கத் திருமேனியில் பட்டுத் தழும்பாயிற்று என்றும் தலபுராணம் கூறும். ஊர்ப்பெயரோடு தொடர்புறுத்தப்படும் வான்மீகியின் பெயரோ வன்மீகம், அதாவது புற்று என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. தவத்தில் அமர்ந்தவரின் உடலைப் புற்று மூடியது. புற்று நீங்கியபோது உள்ளிருந்தவர் வெளிப்பட்டார். ஒரு கதையில் விலங்கின் சுவடு மேனியில் பதிகிறது. மற்றொன்றில் வேறொரு பொருள் மேனியை மூடுகிறது. இரண்டிலும் மேனி தன் இயல்பை இழக்கவில்லை.

மேனியும் அயற்பொருளும் சேரும்போது அவற்றின் எல்லை எங்கே நிற்கிறது என்ற வினா பழமையானது. இன்று அவ்வினா கணினித்திரையில் புதிய வடிவில் எழுகிறது. ஒருவரின் கன்னத்தில் பாம்பின் செதிலைப் பொருத்தும் படத்தொகுப்பாளர் அச்செதில் எங்குத் தொடங்குகிறது என்பது தெரியாதவாறு செய்ய முயல்கிறார். அவருடைய கைவினையை மென்பொருள் பயிற்சியாக மட்டும் கருதி ஒதுக்காமல், ஒப்புமை பற்றிய தமிழ்க் கோட்பாட்டின் ஒளியில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அசையும் படங்களில் நிகழும் உருமாற்றம் தனி ஆய்வுக்குரியது. ஆதலின் இங்கு நிலைப்படம் மட்டுமே ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகிறது.

1. கலப்பின் தொழில்நுட்பம்

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணைப்பதற்கான கணித அடிப்படையைத் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகிய இருவரும் 1984-இல் வெளியிட்ட கட்டுரை தெளிவாக வகுத்தது. 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் மென்பொருளில் 1994-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் லேயர் வசதி சேர்க்கப்பட்டது. தொழிலில் லேயர், மாஸ்க், டெக்ஸ்சர் என்றே வழங்கும் இவற்றை இக்கட்டுரை முறையே அடுக்கு, மறைப்பு, இழையமைப்பு எனச் சுட்டுகிறது.

மனித முகம் அடியடுக்காகவும் விலங்குத் தோல் மேலடுக்காகவும் அமைகின்றன. மேலடுக்கு அப்படியே கிடந்தால் அது ஒட்டப்பட்ட தாள்போல முகத்தை மூடிவிடும். அதனைத் தவிர்க்கக் கலப்பு முறைகள் பயன்படுகின்றன. பெருக்கல் முறையில் இரு அடுக்குகளின் ஒளிர்வு மதிப்புகளும் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. கருமையை 0 எனவும் வெண்மையை 1 எனவும் கொண்டால், 0.8 ஒளிர்வுடைய தோற்புள்ளியின்மேல் 0.5 ஒளிர்வுடைய செதிற்புள்ளி விழும்போது விளைவு 0.4 ஆகும். வெண்மை எதனோடு பெருக்கப்பட்டாலும் மாற்றம் விளைவிக்காது. எனவே வெண்பரப்பில் கரும்பட்டைகள் மட்டும் உள்ள புலித்தோல் வரைவை இம்முறையில் இட்டால் பட்டைகள் மட்டும் மேனியில் படியும்.

மேற்படிதல் முறை சற்று வேறுபட்டது. அடியடுக்கின் இருண்ட பகுதிகளில் அது பெருக்கலின் இருமடங்கைத் தருகிறது. ஒளிமிக்க பகுதிகளில் அதன் எதிர்மறையைக் கணக்கிடுகிறது. மேலடுக்கின் மதிப்பு 0.6 எனில், 0.3 ஒளிர்வுடைய நிழற்பகுதி 0.36 ஆகவும் 0.8 ஒளிர்வுடைய பகுதி 0.84 ஆகவும் மாறும். மேலடுக்கின் மதிப்பு 0.5 ஆக இருக்குமிடத்தில் அடியடுக்கு மாறுவதேயில்லை. இதனால் முகத்தின் மேடுபள்ளங்களும் நிழலும் அழியாமல், செதில்களின் ஏற்றத்தாழ்வு மட்டும் அவற்றோடு சேர்கிறது.

இவ்வளவும் ஒளிர்வைப் பற்றியன. செதில் வரிசைகள் நேர்கோட்டில் ஓடினால், கன்னத்தின் வளைவுக்கு அவை பொருந்தா. ஆகவே முகத்தின் சாம்பல்நிறப் படியொன்றைச் சற்று மங்கலாக்கி, அதன் ஒளிர்வுக்கேற்ப மேலடுக்கின் புள்ளிகளை இடம்பெயர்ப்பர். மூக்கின் மேட்டிலும் கன்னத்தின் சரிவிலும் வரிசைகள் வளைந்து செல்லும். பின்னர் மறைப்பின் விளிம்பை மென்மையாக்கி, செதில் படிப்படியாக மேனியில் கரைவதுபோல் செய்வர். 2003-இல் பெரேஸ், காங்னே, பிளேக் ஆகியோர் வெளியிட்ட முறை இதனினும் நுட்பமானது. அது ஒட்டப்படும் பகுதியின் நிறமதிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லையில் உள்ள நிறத்தை ஏற்கும் பரப்பிலிருந்து பெறுகிறது. விளைவாக விலங்கின் இழை மனிதனின் நிறத்தில் தோன்றுகிறது.

இத்தகைய படம் பிழைபடும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. முகத்தில் ஒளி ஒருபுறமிருந்தும் விலங்குப் படத்தில் மறுபுறமிருந்தும் விழுவது முதலாவது. செதிலின் அளவு தோலின் நுண்துளைகளோடு ஒவ்வாமை இரண்டாவது. பாம்புத்தோலின் பளபளப்பு மனிதத் தோலின் மங்கிய ஒளிர்வோடு முரண்படுவது மூன்றாவது. இம்மூன்றும் களையப்பட்டால் இணைப்பு கண்ணுக்குப் புலப்படாது. தொழிலின் வெற்றி அங்கு முடிகிறது. ஆய்வின் வினா அங்குத் தொடங்குகிறது.

2. சொல்வழக்கில் எல்லை

தமிழ்ச் சொல்வழக்கு மனிதப் பரப்பையும் விலங்குப் பரப்பையும் பெரும்பாலும் வேறு சொற்களால் குறித்து வந்துள்ளது. மேனி என்பது மனிதர்க்கும் தெய்வங்களுக்கும் உரிய சொல்; நிறம், அழகு, உடல் ஆகிய பொருள்களையும் அது உடன்கொண்டது. அதள், உரி, உரிவை ஆகியன விலங்கிலிருந்து நீக்கப்பட்ட தோலைக் குறிப்பன. உரித்தல் என்ற வினையே உரியின் பிறப்பிடம். பாம்பு கழற்றியதைச் சட்டை என்கிறோம். தோல் என்ற சொல் இரண்டிற்கும் பொதுவாக நின்றாலும், மேனியை உரி என்பார் இலர்.

யானையை உரித்துப் போர்த்த சிவன் என்ற தொன்மம் இவ்வேறுபாட்டைக் காட்சியாக்குகிறது. அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றான வழுவூர் அதற்குரிய தலமாகப் போற்றப்படுகிறது. அங்கு உரி மேனியின்மேல் கிடக்கிறது, மேனியாகவில்லை. கணினிமொழியில் கூறினால் அது கலப்பு முறை எதுவும் இடப்படாத தனியடுக்கு. போர்த்தல் என்ற வினை, கழற்றவும் இயலும் என்பதை உள்ளடக்கியது.

3. உவமத்தின் நால்வகையும் உருபும்

தொல்காப்பிய உவமவியல் ஒப்புமையை வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்துகிறது. மெய் என்பதற்கு வடிவம் என்றும் உரு என்பதற்கு நிறம் என்றும் உரையாசிரியர்கள் பொருள் கொள்வர். இவை தனித்து வருதலேயன்றிக் கலந்தும் வரும் என்பதும் அந்நூலின் கருத்து.

வடிவையும் நிறத்தையும் இருவேறு ஒப்புமைகளாகப் பிரித்தமை நம் பொருளுக்கு நேரடியாகப் பயன்படுகிறது. படத்தொகுப்பிலும் இவ்விரண்டும் தனித்தனிச் செயல்கள். நிறத்தை மட்டும் மாற்றும் கலப்பு முறை விலங்கின் உருவைக் கொணர்கிறது. மேனியின் வடிவும் இழையும் அப்படியே இருக்கும். புள்ளிகளை இடம்பெயர்த்தல், வேறுபாடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் ஆகியன விலங்கின் மெய்யைக் கொணர்கின்றன; நிறம் மனிதனுடையதாகவே நிற்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வது மெய்யும் உருவும் விரவிய உவமம். தோலிழைக் கலப்பு என ஒரே பெயரில் வழங்கும் தொழிலுக்குள் இம்மூன்று நிலைகளும் அடங்கியுள்ளன. தமிழில் கலைச்சொல் ஆக்கும்போது மெய்க்கலப்பு, உருக்கலப்பு, விரவுக்கலப்பு என அவற்றைப் பிரித்து வழங்கலாம் என்பது இவண் முன்வைக்கப்படும் பரிந்துரை.

வினையும் பயனும் நிலைப்படத்தில் எளிதில் இடம்பெறுவதில்லை. புலிபோலப் பாய்தலை ஒரு முகத்தின் தோல் காட்டாது. ஆகவே நிலைப்படம் தன் ஒப்புமை முழுவதையும் மெய், உரு ஆகிய இரண்டின்மேலேயே ஏற்றுகிறது. தோற்பரப்பின் மீது இத்துறைக்குள்ள பெருவிருப்பத்திற்கு இது ஒரு காரணமாகலாம்.

உவமவியல் உவம உருபுகளையும் நிரல்பட எண்ணி, நால்வகைக்கும் எவ்வெட்டு உருபுகளைச் சிறப்பாக உரிமைப்படுத்துகிறது. உருபு இரு பொருள்களை இணைக்கும் சொல். அவை இரண்டு என்பதை நினைவூட்டும் சொல்லும் அதுவே. மலர்போன்ற முகம் என்னும்போது மலரும் முகமும் தனித்தனியே நிற்கின்றன. முகமலர் என்னும்போது எல்லை மங்குகிறது. இவ்வுருவகத்தைத் தொல்காப்பியம் தனியணியாகப் பிரிக்கவில்லை, தண்டியலங்காரம் பிரித்துரைக்கிறது. எனினும் உருவகத்திலும் முகம், மலர் என்ற இரண்டு சொற்கள் எஞ்சியுள்ளன. இணைப்புக்கோடு அறவே நீங்கிய படத்தில் அந்த இரண்டாவது சொல்லும் இல்லை.

4. கலைமரபில் இணைப்புக்கோடு

தமிழகக் கலைகளில் மனிதரும் விலங்கும் சேரும் சில வடிவங்களை மேற்கண்ட நால்வகையோடு ஒப்பிட்டுக் காணலாம்.

திருவான்மியூரில் அமைந்துள்ள கலாசேத்திரா, ருக்மிணி தேவி அருண்டேலால் 1936-இல் தொடங்கப்பெற்றது. 1955-இல் சீதா சுயம்வரத்தில் தொடங்கி 1970-இல் மகா பட்டாபிஷேகத்தில் நிறைவுற்ற இராமாயண நாட்டிய நாடகங்கள் ஆறு அங்கு உருவாயின. பரதநாட்டிய மாணவர் கற்கும் ஒற்றைக்கை முத்திரைகளில் சிம்மமுகம், மிருகசீர்ஷம், சர்ப்பசீர்ஷம், மயூரம் ஆகியன விலங்குகளின், பறவையின் பெயர் தாங்கியவை. ஆடுபவரின் தோலில் மானின் புள்ளிகள் இல்லை. விரல்களின் நிலையும் கண்ணின் மருட்சியும் மானைக் கொண்டுவருகின்றன. இது வினையுவமத்தை முதன்மையாகக் கொண்டது. அவையோர் மானையும் ஆடுபவரையும் ஒருசேரக் காண்கின்றனர்.

தில்லையோடு தொடர்புடைய வியாக்கிரபாதர் புலிக்கால் முனிவர் எனப்படுவார். வண்டுகள் தீண்டுமுன் மரமேறி மலர் பறிக்கப் புலியின் காலும் நகமும் வேண்டிப் பெற்றார் என்பது புராணம். இங்கு விலங்குறுப்பு அழகுக்காகவோ அச்சத்திற்காகவோ வரவில்லை; ஒரு பணிக்காக வந்தது. அதனைப் பயனுவமத்தோடு சார்த்தலாம். அவருடன் காட்டப்படும் பதஞ்சலிக்கு இடைக்குக் கீழ் பாம்புடல் அமையும். நரசிம்மரின் சிங்கமுகம் மனித உடலோடு கழுத்தில் சேரும். இவை மெய்யுவமத்தின் பாற்படும். சேருமிடம் இடையாகவோ கழுத்தாகவோ இருப்பது கருதத்தக்கது. உடலின் இயல்பான பிரிவுகளில் ஒன்றே இணைப்புக்கோடாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

புலியாட்டத்தில் ஆடுபவரின் உடலில் மஞ்சள் வண்ணம் பூசி, அதன்மேல் கரும்பட்டைகள் தீட்டுவர். இஃது உருவுவமம். திருச்சூரில் ஓணத்தின் நான்காம் நாளில் நிகழும் புலிக்களியில், பருத்த வயிற்றின்மேல் புலியின் முகத்தை வரைவதும் உண்டு. ஆடுபவர் குலுங்கும்போது அம்முகம் அசைகிறது. கணினி கணக்கிட்டுச் செய்யும் இடப்பெயர்ச்சியை அங்கு வயிறே செய்கிறது. ஆனால் பூசப்பட்டது வண்ணம் என்பதைப் பார்ப்போர் அறிவர். வியர்வையில் அது கலைவதையும் காண்பர்.

இங்கு ஒரு தடை எழலாம். கல்லிலும் உலோகத்திலும் தோலைக் கரைத்துக் காட்டும் வசதி இல்லாமையால் இணைப்பு புலப்பட்டது. அதனை மரபின் தேர்வு என எவ்வாறு கூறுவது? இத்தடை ஓரளவு ஏற்கத்தக்கதே. ஆயினும் ஒரே கல்லில் செய்த சிற்பத்தில் மனிதப்பகுதியும் விலங்குப்பகுதியும் ஏற்கெனவே ஒரே பரப்புடையவை. பிடரிமயிரைச் சுருள்சுருளாகச் செதுக்கத் தெரிந்த சிற்பி, அம்மயிரைப் படிப்படியாகக் குறைத்து மார்பில் கரையவிடுவதற்குக் கல் தடையன்று. அவ்வாறு செய்யாது வழவழப்பான மார்பை அமைத்தமை தேர்வென்றே கொள்ளத்தகும். கூத்தின் வண்ணத்திற்கும் இது பொருந்தும். வண்ணத்தைத் தேய்த்து மங்கலாக்குவது கல்லைச் செதுக்குவதினும் எளிது.

5. வேங்கை: தோற்றமும் மயக்கமும்

தமிழ் இலக்கியம் இழைக்கலப்பை அறியாததன்று. வேங்கை என்ற ஒரே சொல் மரத்தையும் புலியையும் குறிக்கும். அம்மரத்தின் மலர் மகளிர் மேனியின் சுணங்கிற்கு உவமையாவதும் சங்கப் பாடல்களில் பலவிடத்தும் உண்டு. மேனி, மலர், புலி ஆகிய மூன்றும் புள்ளியும் நிறமும் பற்றி ஒன்றையொன்று தொடுகின்றன. இவற்றுள் இரண்டு பாடல்கள் நம் வினாவிற்கு நேர்விடையாக அமைகின்றன.

குறுந்தொகை 47-ஆம் பாடலில் நெடுவெண்ணிலவினார் ஒரு காட்சியைத் தருகிறார். கரிய அடியுடைய வேங்கையின் மலர்கள் உதிர்ந்து கிடக்கும் குண்டுக்கல், பெரிய புலியின் குட்டிபோலத் தோன்றுகிறது. கல்லின் வடிவு குட்டியின் உடலாகிறது. மலர்களின் நிறம் அதன் வரியாகிறது. அடியடுக்கும் மேலடுக்கும் அமைந்த முழுமையான கலப்பு இது. பேசுபவரோ அது கல் என்பதை அறிவார். ஒப்புமைப்பொருள் தரும் இன் உருபும் தோன்றும் என்ற வினையும் அந்த அறிவைச் சொல்லிலேயே வைத்திருக்கின்றன. நிலவை விளித்துக் கூறும் அப்பாட்டில், இரவில் வரும் தலைவனுக்கு அந்நிலவு நல்லதன்று என்பதே செய்தி. ஒளி எவ்வாறு விழுகிறது என்பதைப் பொறுத்தே தோற்றம் அமையும் என்பதும் அதனுள் அடங்கிக் கிடக்கிறது.

கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் 38-ஆம் பாடல் அதே பொருளை வேறு முடிவுக்குக் கொண்டுசெல்கிறது. புலியின் உருவை ஒப்பப் பூத்த வேங்கை மரத்தைக் கண்ட மதயானை, அதனைப் புலியென்றே எண்ணிச் சினந்து அடிமரத்தைக் குத்துகிறது. குத்திய கொம்பு மரத்தில் சிக்கிக்கொள்ள, அதனைப் பிடுங்க இயலாமல் மலைப்பிளவுகள் எதிரொலிக்கக் கதறி வருந்துகிறது. கயிலையை எடுக்க முயன்று கீழே கை சிக்கிய இராவணன் அந்த யானைக்கு உவமையாகிறான்.

இரு பாடல்களிலும் வேங்கைமலரின் இழை ஒன்றே. முதற்பாடலில் காண்பவரிடம் உருபு உண்டு. இரண்டாம் பாடலில் உருபு புலவரிடமும் கேட்போரிடமும் உண்டு, யானையிடம் இல்லை. அதன் கண்ணுக்கு மரம் புலிபோன்றதன்று, புலியே. உருபை இழந்த பார்வைக்கு நேரும் துன்பம் கொம்பின் சிக்கலாகக் காட்டப்படுகிறது.

கலித்தொகை அவ்விடத்து ஆளும் உருபு ஏய்ப்ப என்பது. தொல்காப்பியம் மெய்யுவமத்திற்கு உரிமைப்படுத்தும் எட்டு உருபுகளில் ஏய்ப்ப என்பதும் மருள என்பதும் உள்ளன. கலித்தொகை அதனை உருவோடு சேர்த்து ஆண்டமை, வகைகள் விரவும் என்ற விதிக்குச் சான்று. ஏய்த்தல் இன்று வஞ்சித்தல் என்ற பொருளில் வழங்குகிறது. மருளுதல் மயங்குதலைக் குறிக்கிறது. பண்டைய ஏய்ப்ப என்பதற்கு ஒப்ப என்பதே பொருள் என்றாலும், வடிவொப்புமை மிகுமிடத்தில் மயக்கம் அணிமையில் நிற்கும் என்பதை இச்சொற்களின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

6. உயர்த்தும் ஒப்புமையும் தாழ்த்தும் ஒப்புமையும்

உவமை உயர்ந்த பொருளாக இருத்தல் வேண்டும் என்பது உவமவியலின் கொள்கை. சிறப்பு, நலன், காதல், வலி ஆகியவற்றை உவமத்தின் நிலைக்களன்களாகக் கூறும் அந்நூல், தாழ்ந்த பொருளைச் சுட்டும் கிழக்கிடு பொருளையும் உடன்சேர்த்து ஐந்தாக்குகிறது. விலங்குத் தோலை மனிதர்க்குச் சார்த்தும்போது, எந்நிலைக்களனில் சார்த்துகிறோம் என்ற கேள்வி தவிர்க்க இயலாதது. வீரனுக்குப் புலிவரி வலியின்பாற்படும். ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கில் அவர் முகத்தில் பன்றித்தோலை ஏற்றுவது கிழக்கிடு பொருள். இரண்டிற்கும் மென்பொருட்செயல் ஒன்றே. பொருள் வேறுபடுகிறது.

இவ்வேறுபாடு படத்தோடு நின்றுவிடுவதில்லை. தோல் உண்மையிலேயே மாறுபட்ட மனிதர்கள் நம்மிடையே வாழ்கின்றனர். மீன்செதில் போலத் தோல் உலர்ந்து வெடிக்கும் பிறவிநோய் உண்டு. யானைக்கால் என்ற நோய்ப்பெயரே உருபு தொக்க ஓர் ஒப்புமை. இங்கிலாந்தில் 1862-இல் பிறந்த ஜோசப் மெரிக் உடல் வளர்ச்சிக்கோளாற்றால் யானை மனிதர் எனப் பெயரிடப்பட்டு, 1884-இல் இலண்டனில் காட்சிப்பொருளாக்கப்பட்டார், 1890-இல் மறைந்தார். 1890-இல் பிறந்த ஸ்டீபன் பிப்ரோவ்ஸ்கி முகமெங்கும் முடி வளர்ந்திருந்தமையால் சிங்கமுக மனிதராக அரங்குகளில் நிறுத்தப்பட்டார். இவர்களுடைய மேனியின்மேல் எவரும் அடுக்கு எதனையும் வைக்கவில்லை. பெயரே அடுக்காக அமைந்து, உள்ளிருந்த மனிதரைப் பார்ப்பவர்களிடமிருந்து மறைத்தது.

இணைப்பற்ற கலப்புப்படம் பெருகும் சூழலில் இருவகை இடர்கள் தோன்றுகின்றன. செய்பொருளை உண்மையென நம்புதல் ஒன்று. உண்மையான தோல்நோயாளரின் ஒளிப்படத்தைச் செய்பொருளெனக் கருதி நகைத்தல் மற்றொன்று. முன்னதினும் பின்னது கொடிது. ஏனெனில் அங்குத் துன்புறுபவர் தம் மேனியைக் கழற்றி வைக்க இயலாதவர்.

7. விலங்கின் பக்கம்

ஒப்புமையில் மனிதரோடு விலங்கும் ஒரு பக்கம். இவ்விடத்தும் திருவான்மியூர் நினைவுகூரத்தக்கது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவியின் முயற்சி, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழிகோலியது. அச்சட்டத்தின்படி 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவ்வாரியத்தின் அலுவலகம் பின்னாளில் அரியானா மாநிலத்திற்கு மாற்றப்படுமுன் பல ஆண்டுகள் திருவான்மியூர் வால்மீகி நகரில் இயங்கியது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பயிற்றிக் காட்சிப்படுத்தலை 1998-ஆம் ஆண்டின் நடுவணரசு அறிவிக்கை தடைசெய்தது. 2001-ஆம் ஆண்டின் விதிகள் படப்பிடிப்பில் விலங்குகளைப் பயன்படுத்துதலைப் பதிவுக்கும் கண்காணிப்புக்கும் உட்படுத்தின. உயிருள்ள விலங்கிற்கு மாற்றாகக் கணினியில் ஆக்கப்பட்ட விலங்கைத் திரைத்துறை நாடியதற்கு இவ்விதிகளும் ஒரு காரணம்.

உயிர் வருந்தாமல் உருவை மட்டும் பெறும் வாய்ப்பு வரவேற்கத்தக்கதே. ஆனால் மெய்யும் உருவும் மட்டும் எடுக்கப்படும்போது விலங்கின் வினை விடுபட்டுவிடுகிறது. படத்தொகுப்பாளரின் கோப்பில் புலி என்பது ஒரு சதுரத் தோற்பரப்பு. அது பதுங்குவதில்லை, குட்டியை ஈனுவதில்லை. உரித்த தோலுக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை எண்ணத்தக்கது. இணைப்புக்கோட்டைக் காத்தல், இத்தோல் வேறோர் உயிருக்கு உரியது என்பதைக் காட்டுவதால், விலங்கிற்குச் செய்யும் மதிப்புமாகும்.

8. நடைமுறைக்கான கருத்துகள்

மேற்கண்டவற்றால் கலப்புக்கலையைத் தவிர்க்க வேண்டும் என்பது பெறப்படவில்லை. உருபு இல்லாமல் வரும் ஒப்புமையும் கவிதைக்கு உரியதே. உருபு சொல்லில் தொக்கிருப்பினும் பொருளில் உணரப்படும் என்பதே அங்கு விதி. படத்திலும் அவ்வாறு தொகையாக உணரப்படும் இணைப்பைப் பேண இயலும்.

முதலாவதாக, கண்ணையும் இதழையும் மறைப்பிட்டுத் தூய மனிதப்பகுதியாக நிறுத்தலாம். இரண்டாவதாக, செதில் முடியும் எல்லையைத் தாடைக்கோடு, கழுத்து, முடியின் விளிம்பு போன்ற இயல்பான பிரிவில் அமைக்கலாம். பதஞ்சலியின் இடையும் நரசிம்மரின் கழுத்தும் இதற்கு வழிகாட்டிகள். மூன்றாவதாக, மெய், உரு ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் கொணரலாம். மனித நிறத்தில் செதிலோ, மனித இழையில் புலிநிறமோ தோன்றும்போது பார்ப்பவர் மனம் இரண்டையும் பிரித்தறியும். நான்காவதாக, செய்தி, மருத்துவம், அடையாள ஆவணம் ஆகியவற்றில் இம்மூன்றும் போதா. அங்குப் படவிளக்கத்திலேயே எண்மத் தொகுப்பு என்று எழுதுதல் வேண்டும். படத்திலிருந்து நீக்கிய உருபைச் சொல்லில் மீட்பது அது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்பட்ட முடிவுகள் வருமாறு:

1. தோலிழைக் கலப்பு என்ற தொழில் மெய்க்கலப்பு, உருக்கலப்பு, விரவுக்கலப்பு என மூவகைப்படும். இப்பகுப்புக்குத் தொல்காப்பியத்தின் மெய், உரு வேறுபாடு அடிப்படையாகிறது.

2. தமிழ்ச் சிற்பமும் ஆடலும் கூத்தும் மனிதரையும் விலங்கையும் சேர்க்கும்போது, இணைப்பைப் பெரும்பாலும் புலப்பட வைக்கின்றன. அவ்விணைப்பு உவம உருபின் பணியைச் செய்கிறது.

3. குறுந்தொகையின் துறுகல்லும் கலித்தொகையின் வேங்கைமரமும் ஒரே இழைக்கலப்பின் இரு விளைவுகளைக் காட்டுகின்றன. அறிந்து காண்பவர்க்கு அது இன்பம். அறியாது காண்பதற்கு அது மயக்கம்.

4. உவமத்தின் நிலைக்களன் பற்றிய கொள்கை, ஒரு கலப்புப்படம் உயர்த்துகிறதா தாழ்த்துகிறதா என்பதை ஆராயும் அளவுகோலாகப் பயன்படும்.

அசையும் படங்களில் இணைப்புக்கோடு காலத்தில் அமைவதால், வினையுவமம் அங்கு மீண்டும் இடம்பெறும். அதனைக் கூத்துமரபோடு ஒப்பிட்டு ஆராய்தல் இவ்வாய்வின் தொடர்ச்சியாக அமையும். இன்றைய நிலையில் படத்தொகுப்பைக் கற்கும் தமிழ் மாணவர்க்கு உவமவியலையும், உவமவியலைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்குப் படத்தொகுப்பையும் அறிமுகப்படுத்துதல் இருதுறைக்கும் பயன் தரும். கொம்பு சிக்கிய யானையின் கதறலைப் பாடிய புலவர் மரத்தின் பூவைக் குறைகூறவில்லை. அது மரம் என்பதைக் கேட்போர்க்கு முன்னரே கூறிவிட்டார். படத்தொகுப்பாளரின் கடமையும் அவ்வளவே.